சிறு மின்போறணையும் சிக்கனக் குடும்பமும்

போறணை என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது, வெதுப்பகத்தின் பின்புறத்தே செங்கல்லாற் கட்டப்பெற்று, விறகெரித்துச் சூடேற்றப்படும் குகை போன்ற பேரடுப்பேயாகும். போர்த்துக்கேயர் தம் மொழியில் அடுப்புக்கு வழங்கிய சொல்லே இங்கு போறணையாய் நிலைத்துவிட்டது. வீட்டிலே கேக் செய்ய விரும்பியோர், கலவையைத் தட்டிலிட்டு அந்தப் போறணைக்கே கொடுத்தனுப்பிச் சுட்டுப் பெறுவதுண்டு. அதற்கும் வசதியில்லாதோர், சட்டியில் மணல் பரப்பி அதன்மேல் தட்டை இறக்கி, மூடியின் மீதும் சட்டியின் அடியிலும் தணலிட்டுக் காவலிருப்பர். மேலும் கீழும் அனல், நடுவே பண்டம் என்னும் அந்த எளிய முறையே இன்று கடைகளில் ‘ஓவன்’ என்று விற்கப்படும் மேசை மின்போறணையிலும் உள்ளது. தணலுக்குப் பதிலாக மின்கம்பிகள் இருக்கின்றன, அவ்வளவே.

இதனை வாங்கப் புறப்படும் குடும்பங்களின் நோக்கம் ஒன்றாயிராது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் மட்டும் கேக் செய்வோர் சிலர். வேறு சில இல்லங்களிலோ, கேக்கும் பணிசும் சுட்டு அயலாருக்கும் சிறு கடைகளுக்கும் கொடுத்து வரும் பணமே பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கும் வகுப்புக் கட்டணத்துக்கும் உதவுகின்றது. தவணை முறையில் வாங்கிய போறணை அத்தகைய வீட்டில் வாரந்தோறும் கேக்கைக் கருக்குமாயின், மாவும் முட்டையும் பட்டரும் வீணாவதோடு, தவணைப் பணமும் தலைமேல் நிற்கும். ஆகவே விலை குறைந்தது எது என்று கேட்கு முன்னர், நம் வீட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்பதே முறை.

முதற்கண் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நுண்ணலை அடுப்பும் மின்போறணையும் தோற்றத்தில் ஒத்தனவாயினும் தொழிலில் வேறானவை. நுண்ணலை, உணவிலுள்ள நீரை நேரே சூடாக்குகின்றது. நீர் இருக்கும் வரை உணவின் வெப்பம் 100 பாகை செல்சியசை அதிகம் தாண்டுவதில்லை. பாணின் மேலோடும் கேக்கின் மேற்புறமும் பொன்னிறம் கொள்வதற்கோ ஏறத்தாழ 140 பாகையும் அதற்கு மேலும் வேண்டும். மாப்பொருட்களிலுள்ள புரதக் கூறுகளும் சர்க்கரையும் அந்த வெப்பத்திற் கூடி நிறமும் மணமும் தரும் வினையை, 1912இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் மயார் விளக்கினார். மாணவர்கள் இதனைப் பாடநூலிற் காண்பதற்கு முன் பாண் துண்டிலே கண்டிருப்பார்கள். எனவே சோற்றையும் கறியையும் மீளச் சூடாக்குவதே நோக்கமெனில் நுண்ணலை அடுப்புப் போதும். கேக்குக்கும் பாணுக்கும் போறணையே வேண்டும். எண்ணெயின்றிப் பொரிப்பது என்று விளம்பரப்படுத்தப்படும் காற்றுப் பொரிப்பானும் உண்மையில் விசிறி பூட்டிய சிறு போறணைதான். இருவர் மூவர் உள்ள வீட்டில் மரக்கறியும் கோழியும் வாட்ட அது நன்று. அதன் கூடையிலோ எட்டு அங்குலத் தட்டு பெரும்பாலும் நுழையாது.

அளவைப் பற்றிக் கூறுமிடத்து, கடைக்காரர் முதலிற் சொல்வது லீற்றர் கணக்கு. அதனை அப்படியே நம்புதல் கூடாது. 25 லீற்றர் என்று பெட்டியில் அச்சிடப்பட்ட இரு போறணைகளுள் ஒன்று அகன்று தாழ்ந்தும், மற்றது ஒடுங்கி உயர்ந்தும் இருக்கலாம். நாம் கூறும் உபாயம் மிக எளியது: வீட்டிற் பாவிக்கும் கேக் தட்டையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கடையில் நாலுபேர் பார்க்கிறார்களே என்று கூச வேண்டியதில்லை. தட்டைக் கம்பித் தாங்கியின் மேல் வைத்து, நான்கு பக்கமும் ஓரங்குல இடைவெளி உண்டா, தட்டின் விளிம்புக்கும் மேற்கம்பிக்கும் இடையே மூன்று அங்குலமாவது உண்டா என்று பாருங்கள். பக்கத்து இடைவெளி வெங்காற்று சுற்றிவர வேண்டியது. மேலிடைவெளி கேக் எழுவதற்கு வேண்டியது. கால் கிலோ பட்டர், அதே நிறையுள்ள சீனி, மா, முட்டை என்பவற்றைச் சேர்த்த கலவைக்கு எட்டு அங்குலத் தட்டு ஏற்றது. அதற்கு 20 முதல் 25 லீற்றர் வரையான போறணை பெரும்பாலும் போதும். இரண்டு தட்டுக்களை ஒரே முறையிற் சுட்டு விற்க எண்ணுவோர் 35 லீற்றருக்கு மேற்பட்டதைப் பார்ப்பது இலாபம். பத்து லீற்றருக்கு உட்பட்டவை பாண் வாட்டவே உகந்தவை. விலை மலிவைக் கண்டு அவற்றை வாங்குவோர் ஆறு மாதத்தில் இன்னொன்று வாங்குவதை நாம் கண்டிருக்கின்றோம்.

இனி, உள்ளே அனல் பிறக்கும் விதத்தைக் கவனிப்போம். மேற்கம்பியையும் கீழ்க்கம்பியையும் தனித்தனியாகவும் சேர்த்தும் இயக்கும் திருகி ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். இது இல்லாத போறணையில் நம் நாட்டு லவ் கேக்கை ஒழுங்காகச் சுடுவது கடினம். ரவை, கஜு, முட்டை, சீனி, பூசணி இனிப்பு, பன்னீர் எல்லாம் சேர்ந்த அக்கலவை, 150 பாகையளவில் ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ மெல்ல வேக வேண்டும். உள்ளே ஈரம் நிற்க வேண்டும். அதிற் சீனி மிகுதியாதலின், மேற்கம்பி அருகிலிருந்தால் அரை மணியிலேயே மேற்புறம் கறுத்துவிடும். மேற்கம்பியை நிறுத்தவும், தட்டைத் தாழ்த்தி வைக்கவும், மேலே தடித்த தாளொன்றை மூடவும் வழியிருந்தால் மாத்திரமே அதனைக் காப்பாற்றலாம். தாங்கி வைக்கும் படிகள் மூன்றாவது இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வது இதனாலேயே. விசிறியுள்ள போறணை வெப்பத்தை எங்கும் சமமாகப் பரப்பும்; பிஸ்கற்றுக்கும் பணிசுக்கும் அது சிறந்தது. விசிறி சுழலும்போது, செய்முறையிற் கூறிய வெப்பத்தில் 20 பாகை குறைத்து வைப்பது வழக்கம். ஆயின் அந்த விசிறியை நிறுத்தவும் ஆளி வேண்டும். எந்நேரமும் வீசும் காற்று, மென்மையான கேக்கின் மேற்புறத்தைக் காயவைத்து வெடிக்கச் செய்யும். கோழி சுழற்றும் கம்பி, உள்விளக்கு, பலநிற எண்முகப்பு முதலியன விலையை ஏற்றும் அலங்காரங்கள். உள்விளக்கை மட்டும் நாம் ஓரளவு ஆதரிப்போம். கதவைத் திறந்து திறந்து பார்த்துக் கேக்கை அமுங்கவிடும் கையை அது தடுக்கும்.

மின்விசையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கின்றது. போறணையால் வீட்டுக்கு வரக்கூடிய உண்மையான அபாயம் இங்கேதான் உள்ளது. நம் நாட்டு வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. பழைய வீடுகளில் விளக்குக்கும் வானொலிக்குமென இணைக்கப்பட்ட 5 அம்பியர் குதை தாங்கக்கூடியது 230ஐ 5ஆற் பெருக்கிய 1150 வாற்று மட்டுமே. மேசைப் போறணைகளோ பெரும்பாலும் 1200 முதல் 2000 வாற்று வரை இழுப்பவை. இடைச்செருகி ஒன்றைப் போட்டு 5 அம்பியர் குதையில் இவற்றை மாட்டினால், சுவருக்குள் ஓடும் மெல்லிய கம்பி சூடேறி அதன் உறை உருகும். கேக் பொன்னிறமாகி வரும் நேரத்தில் சுவருக்குள் நடப்பதை எவரும் காணார். நாட்டின் நியமமாக ஏற்கப்பட்டுள்ள, சதுர முனைகள் மூன்றுடைய 13 அம்பியர் குதை ஏறத்தாழ 3000 வாற்று வரை இடங்கொடுக்கும். அதிலும் போறணையைத் தனியே மாட்டல் வேண்டும். நீட்டுக் கம்பிப் பலகையிற் சோற்றுப் பானையையும் நீர்க்கேத்திலையும் போறணையையும் ஒன்றாய் இயக்குவது எவ்வகையிலும் தகாது. நல்ல குதை சமையலறையில் இல்லையெனில், போறணைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்த மின்னிணைப்பாளருக்குக் கொடுத்து, புவித்தொடுப்போடு கூடிய தனி இணைப்புப் பெறுங்கள். போறணை ஒரு தரம் குறைந்ததாயினும் பாதகமில்லை.

கடல் கடந்த உறவினர் அனுப்பும் பொருட்களைப் பற்றியும் இங்கு கூறாதிருக்க முடியாது. இலண்டனிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வரும் போறணை நம் மின்சாரத்துக்கு ஒத்துப்போகும். கனடாவிலிருந்து வருவதோ 120 வோல்ற்றுக்கெனச் செய்யப்பட்டது. ஒரு கம்பியிற் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பதை மாணவர்கள் அறிவார்கள். அக்கணக்கின்படி, அதனை நம் குதையில் நேரே மாட்டினால் மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் ஒரே கணத்திற் பாயும். கம்பி எரிந்துபோகும், அல்லது அதைவிடக் கேடானது நேரும். 1500 வாற்றைத் தாங்கும் மாற்றியொன்றின் விலையும் பாரமும் போறணையையே மிஞ்சக்கூடும். மாமாவோ சித்தியோ அன்போடு அனுப்ப எண்ணினால், பொருளுக்குப் பதில் பணமாக அனுப்பும்படி இனிமையாக எழுதிவிடலாம். இதே கணக்கு, மாலை வேளைகளில் மின்னழுத்தம் தாழும் ஊர்களுக்கும் பொருந்தும். 230 வோல்ற்று 200 ஆகத் தாழ்ந்தால் வெப்பம் ஏறத்தாழக் காற்பங்கு குறைகின்றது. போறணை சூடேற நேரம் எடுப்பதைப் பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. காலையிற் சுட்டுப் பாருங்கள்.

மின்கட்டணத்தை எண்ணிப் போறணையே வேண்டாமென்போரும் உளர். 2013இன் பின்னர் முதன்முறையாக 2022 ஓகஸ்டிற் கட்டணம் சராசரி 75 சதவீதம் உயர்த்தப்பட்டதையும், 2023 பெப்ரவரியில் மீண்டும் உயர்ந்ததையும் எந்தக் குடும்பமும் மறந்திராது. அதன் பின் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. ஆயினும் அச்சத்தைவிடக் கணக்கே துணை. 1500 வாற்றுப் போறணை இடைவிடாது ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை அலகு. வேண்டிய வெப்பம் வந்ததும் கம்பி தானே அணைந்து மீண்டும் எரிவதால், உண்மைச் செலவு அதனிலும் குறைவு. வாரம் ஒரு கேக் சுடும் வீட்டுக்கு மாதம் நான்கைந்து அலகே கூடும். நாள்தோறும் இரண்டு மணிநேரம் சுட்டு விற்போருக்கோ அறுபது அலகுக்கு மேலும் ஏறலாம். அலகுகள் பெருகப் பெருக அவற்றின் விலையும் பெருகும் முறை இங்கு உள்ளதால், அவர்கள் பழைய சிட்டைகள் மூன்றை எடுத்துவைத்து, கூடும் அலகுகள் எந்தப் படியில் விழும் என்று பார்த்த பின்னரே கேக்கின் விலையைக் குறிக்க வேண்டும். பலர் மாவுக்கும் முட்டைக்கும் கணக்குப் பார்த்து, மின்சாரத்தை விட்டுவிடுகின்றனர்.

கடையில் நிற்கும்போது கதவைப் பலமுறை திறந்து மூடிப் பாருங்கள். நடுவழியில் நிற்காது தொப்பென்று விழும் கதவு சில மாதங்களில் இடைவெளி விட்டு அனலை வெளியேற்றும். கண்ணாடி இரண்டு படையாக இருந்தால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நன்று. நேரத் திருகி அறுபது நிமிடத்தோடு நின்றுவிடுகின்றதா, தொடர்ந்து எரியும் நிலையும் உண்டா என்று கேளுங்கள்; நத்தார்க் கேக் இரண்டு மூன்று மணிநேரம் வேகும். பழுதானால் கம்பியும் திருகியும் மாற்றித் தருவோர் உள்ளூரில் உண்டா என்பதை, உத்தரவாதச் சீட்டின் ஆண்டுக் கணக்கைவிட மேலாக மதிக்கின்றோம்.

வீட்டுக்கு வந்ததும், சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் நான்கு அங்குலமாவது விலக்கி வைத்து, சாளரங்களைத் திறந்துவிட்டு, வெறுமையாகவே இருபது நிமிடம் உயர் வெப்பத்தில் எரியவிடுங்கள். புதுக்கம்பியின் எண்ணெய்ப் பசை புகைந்து போகும். அடுத்து, பாண் துண்டுகளைத் தாங்கி முழுவதும் பரப்பி வாட்டினால், எந்த மூலை முதலிற் கறுக்கின்றதோ அதுவே சூடு மிகுந்த இடமென்று அறியலாம். பின்னர் கேக்கை நடுநேரத்தில் ஒருமுறை திருப்பிவைத்தாற் போதும். திருகியிலுள்ள எண்களையும் சோதிக்க வேண்டும். மலிவான போறணைகளில் அவை 20, 30 பாகை வரை பிழைப்பதுண்டு. போறணைக்குள் வைக்கும் சிறு வெப்பமானி கிடைத்தால் அது கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். கிடைக்காவிடில் சீனியே வெப்பமானி. அது உருகுவது ஏறத்தாழ 186 பாகையில். திருகியை 175இல் வைத்து நன்கு சூடேறிய பின், தகட்டில் ஒரு தேக்கரண்டி சீனியைக் கால்மணி நேரம் வையுங்கள், உருகலாகாது. 190க்கு உயர்த்தி மீண்டும் வைத்தால் உருக வேண்டும். முதலிலேயே உருகினால் போறணை மிகையாய் எரிகின்றது; இரண்டாம் முறையும் உருகாவிடில் குறைவாய் எரிகின்றது. பிழை எவ்வளவென்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அருகிலுள்ள சுவரில் ஒட்டிவிட்டால், வீட்டில் அடுத்ததாய் யார் கேக் சுடப் புகுந்தாலும், அந்த எண்ணைப் பார்த்துத் திருகியைத் திருப்பிக்கொள்வார்கள்.