ஊதாத் தவளை
நாசிகாபட்ராகஸ் சாஹியாட்ரென்சிஸ்
வாழிடம்: மேற்குத் தொடர்ச்சி மலை | நீளம்: சுமார் 7 செ.மீ.

கூரிய மூக்கு, உப்பிய உடல், குட்டைக் கால்கள். பின்னங்காலின் அடிப்பகுதியைக் கவனியுங்கள்: மண்வெட்டிபோல் தடித்த மேடு தெரிகிறதா? அதைக் கொண்டே மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கும். ஆண்டின் பெரும்பகுதி நிலத்தடியில்தான். அங்கே கறையான்களே முக்கிய உணவு.

பருவமழை தொடங்கும்போது இணைசேரச் சில நாட்கள் மட்டும் மேலே வந்து, ஓடைகளில் முட்டையிடும். தலைப்பிரட்டைகள் உறிஞ்சும் வாயால் பாறையில் ஒட்டிக்கொள்ளும். சீறிப் பாயும் நீரிலும் அடித்துச் செல்லப்படாமல் பாசியைச் சுரண்டித் தின்னும்.

கேரளத்தின் இடுக்கியில் கிடைத்த இதை எஸ்.டி. பிஜு, ஃபிராங்கி போஸ்யூட் இருவரும் 2003இல் புதிய இனமாக அறிவித்தனர். இதன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய தவளைகள் சீஷெல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இந்தியாவும் சீஷெல்ஸும் ஒரே நிலப்பரப்பாக இருந்த காலத்து உறவு அது.