ஜப்பானிய மொழியும் தமிழ் மாணாக்கனும்

நுவரெலியா மாவட்டத்திலே, கொத்மலைப் பகுதியில், தேயிலை மலைகளாற் சூழப்பட்ட சிறு பட்டினம் பூண்டுலோயா. அதன் பெயரின் இறுதியில் நிற்கும் ஓயா என்னும் சிங்களச் சொல் சிற்றாற்றைக் குறிப்பது. அதற்கு அண்மையிலுள்ள தலவாக்கலையில் அணை கட்டி, ஜப்பானிய அரசின் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்ட 150 மெகாவாற்று மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் பெயர் இம்மலைகளுக்கு இங்ஙனம் முன்னரே அறிமுகமானது. எனினும் இன்று தோட்டத்து இளைஞர் அந்நாட்டின் மொழியைக் கற்கப் புகுதற்குக் காரணம் வேறு. 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஜப்பான், குறித்த சில துறைகளில் திறனுடைய அயல்நாட்டுத் தொழிலாளரை ஏற்கும் புதிய முறையொன்றைத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இலங்கையும் அதன்பொருட்டு உடன்படிக்கை செய்துகொண்டது. முதியோர் பராமரிப்பு, கட்டட வேலை, வேளாண்மை முதலிய அத்துறைகளுட் புக விரும்புவோர் மொழித்தேர்விலும் தேறுதல் வேண்டும்.

இத்தேர்வை நோக்கிப் பயிலத் தொடங்கும் தமிழ் மாணாக்கன் ஒருவனுக்கு எவை எளியவாம், எவை அரியவாம், அவனுடைய தாய்மொழி அவனுக்குத் துணையோ தடையோ என்பவற்றை ஆராய்தல் பயனுடையது.

முதலில் எழுத்தை நோக்குவோம். ஜப்பானியர் ஹிரகானா, கத்தக்கானா என இருவகை அசையெழுத்துக்களை வழங்குகின்றனர். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துக்கள் 46. உருவம் புதிதாயினும் அவற்றின் வைப்புமுறை தமிழனுக்குப் புதிதன்று. அவர்களுடைய உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என ஐந்து. நம் குறில்கள் ஐந்தும் இதே ஒழுங்கில் நிற்பன. மெய்வரிசையோ க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்பது. இவற்றுள் ஹகரம் பண்டு பகரமாக ஒலித்தது என்பர் மொழிநூலார். அதனைப் பகரமாகவே கொண்டு, நம் நெடுங்கணக்கில் ங, ஞ, ட, ண, ல, ழ, ள, ற, ன என்பவற்றை நீக்கி எஞ்சியவற்றை ஓதுவோமாயின், ஜப்பானியச் சிறுவன் ஓதும் வரிசையே கிடைக்கும்.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று, ஜப்பான் தமிழிடமிருந்து கடன் கொண்டதுமன்று. பௌத்தத் துறவியர் வடமொழி மந்திரங்களை ஓதுதற்பொருட்டுச் சித்தம் என்னும் இந்திய எழுத்தைப் பயின்றனர். சீனம் சென்று கற்றுக் 806ஆம் ஆண்டில் நாடு திரும்பிய கூக்காய் என்னும் துறவி அக்கல்வியை ஜப்பானிற் பரப்பியோருள் தலையாயவர். மிடற்றிற் பிறக்கும் ஒலியில் தொடங்கி இதழிற் பிறக்கும் ஒலியில் முடிக்கும் இந்திய ஒலிநூல் முறையே பின்னர் அவர்தம் எழுத்துக்களையும் ஒழுங்குபடுத்தியது. அதே முறை நம் நெடுங்கணக்கிலும் அமைந்திருத்தலால், முதல் வாரத்திலேயே மாணாக்கன் அறிந்த நிலத்தில் நிற்கின்றான்.

குறில் நெடில் வேறுபாடும் அவ்வாறே. ஜப்பானியத்தில் ஓர் உயிர் நீண்டால் பொருள் மாறும். மெய் இரட்டித்தாலும் மாறும். படு, பாடு, பாட்டு என்பவற்றை இளமையிலேயே பிரித்தறிந்த செவிக்கு இதில் இடர் இல்லை. மாத்திரை என்னும் கருத்தும் அவனுக்குப் புதிதன்று. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. தொல்காப்பியம் தனிமெய்க்கு அரை மாத்திரை கூறும். ஜப்பானிய வழக்கிலோ தனித்து நிற்கும் மெல்லொற்று ஒரு முழு மாத்திரை பெறும். பூண்டுலோயா என்னும் பெயர் நம் கணக்கில் ஏழரை மாத்திரை. நெடில்களை நெடிலாகவே கொண்டு ஜப்பானிய எழுத்தில் எழுதினால் அதுவே எட்டு மாத்திரையாகும். அன்றியும், அம்மொழியில் லகரம் இன்மையால் லோ என்பது ரோ ஆகிவிடும். ல, ள, ழ என்னும் மூன்றையும் போற்றும் தமிழன் தன் ஊரின் பெயரிலேயே இவ்விழப்பைக் காண்கின்றான்.

இனி, தமிழ் எழுத்தே பகையாகும் இடமொன்று உண்டு. தொடக்க மாணாக்கர் பலர் ஜப்பானியச் சொற்களைத் தம் ஏட்டில் தமிழெழுத்தாற் குறித்து மனனஞ் செய்ய முற்படுவர். நம் எழுத்து வல்லோசையையும் அதிர்வோசையையும் வேறு வரிவடிவால் உணர்த்துவதில்லை. சொல்லின் நடுவே தனித்து வரும் ககரம் மென்மையாகவே ஒலிக்கும். ஜப்பானியத்திலோ நடுக் ககரத்தை வன்மையாக ஒலித்தால் ஒரு பழத்தின் பெயர். மென்மையாக ஒலித்தால் திறப்பு. இரட்டித்து ஒலித்தால் ஊக்கம். இம்மூன்றையும் தமிழில் எழுதப் புகுந்தால் ககி, கக்கி என இரண்டு வடிவங்களே கிட்டும். ஒன்று எவ்வாறாயினும் மற்றொன்றனோடு மயங்கும். ஆதலால் ஹிரகானாவை முதற்கண் செவ்வனே பயின்று, தமிழ்க் குறிப்பை விரைவில் கைவிடுதலே நன்று.

எழுத்தைக் கடந்து சொற்றொடருக்கு வந்தால், தமிழ் தரும் துணை மிகப் பெரிது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசையும், பெயருக்குப் பின்னே உருபு நிற்றலும் இரு மொழிக்கும் பொது. நேற்று வாங்கிய புத்தகம் என்பதை ஜப்பானியர் கினோ கத்த ஹொன் என்பர். கினோ நேற்று, கத்த வாங்கிய, ஹொன் புத்தகம். ஆங்கிலத்தின் வழியே இதனைக் கற்பவன் தொடரைத் தலைகீழாக மாற்றல் வேண்டும். தமிழன் சொல்லுக்குச் சொல் வைத்தாற் போதும். உண்டுபார், செய்துவை, செய்துவிடு என நாம் துணைவினை சேர்ப்பது போலவே அவர்களும் சேர்ப்பர். முயன்று நோக்குதற் பொருளில் அவர்கள் சேர்க்கும் மிரு என்னும் துணைவினைக்கு நேர்ப்பொருள் பார் என்பதே ஆகும்.

சுட்டுப்பெயர் இன்னும் வியப்பளிப்பது. கொரெ என்பது பேசுவோன் அருகிலுள்ளது; சொரெ கேட்போன் அருகிலுள்ளது; அரெ இருவருக்கும் சேயது; தொரெ வினா. இது, அது என்னும் இரண்டையே வழங்கும் மலையக மாணாக்கன் நடுவிலுள்ளதைக் கண்டு திகைப்பான். ஆனால் அ, இ, உ என்னும் மூன்று சுட்டெழுத்துக்களை அவன் இலக்கண வகுப்பிற் படித்திருப்பான். உது, உவன், உங்கே என்பன யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் உயிரோடு உலவுகின்றன. உது என்ன என்று கேட்கும் யாழ்ப்பாணத்தவன் சொரெ என்பதன் இடத்தை விளக்கமின்றியே உணர்வான். நூலிற் கண்ட உகரச் சுட்டின் பயனைப் பூண்டுலோயா மாணாக்கனுக்கு ஒரு தூரதேச மொழி எடுத்துக்காட்டுகின்றது.

அரியனவும் பல. ஜப்பானிய வினைமுற்றுத் திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. போகிறேன், போகிறாள் என்னும் விகுதி வேறுபாட்டை நம்பி வாழ்ந்தவன், செய்தவர் யார் என்பதைச் சூழலாலும் மரியாதைச் சொல்லாலும் உய்த்துணரப் பழகல் வேண்டும். எழுவாய்க்கு உருபில்லாத மொழியிலிருந்து வருபவனுக்கு வ, க என்னும் இரண்டு இடைச்சொற்களின் நுண்ணிய வேறுபாடு நெடுங்காலம் தொல்லை தரும். உயர்ந்தோர் வருதலையும் போதலையும் இருத்தலையும் தனியொரு வினையாற் குறிக்கும் வழக்கும் உண்டு. கோயிலில் இறைவன் எழுந்தருளினான், எழுந்தருளியிருக்கின்றான் என்று கூறும் மரபை நினைத்தால் அது விளங்கும். தன் செயலைத் தாழ்த்திக் கூறும் வினைகளோ தனியே பயிலத்தக்கன.

யாவற்றினும் கடியது சீன எழுத்து. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஜப்பானின் பொதுவழக்குப் பட்டியலில் 2136 எழுத்துக்கள் உள. ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் இரு வாசிப்புகள்: ஒன்று நாட்டுச் சொல், மற்றொன்று சீனத்திலிருந்து வந்தது. மலையைக் குறிக்கும் எழுத்தை யமா என்றும் சன் என்றும் படிப்பர். மலை, கிரி என்னும் இரு சொற்களுக்கும் நாம் ஒரே குறியை எழுதி, இடம் நோக்கி வாசிப்பது போன்றது இது. உவமையாற் கருத்து விளங்கும். எழுத்து மனத்தில் நிற்றற்கு நாடோறும் எழுதிப் பழகுதலையன்றி வேறு வழியில்லை.

இவ்வொற்றுமைகளைக் கண்ட ஜப்பானிய மொழிநூலறிஞர் சுசுமு ஓனோ, 1980ஆம் ஆண்டளவில் தொடங்கித் தமிழும் ஜப்பானியமும் உறவுடையன என வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் இணைந்து ஆய்வு நிகழ்த்தினர். மொழிநூலார் பெரும்பாலோர் அவ்வுறவை ஏற்கவில்லை. சொல் வரிசை ஒத்தல் இன ஒற்றுமைக்குச் சான்றாகாது. கொரியம், துருக்கியம் முதலியனவும் அவ்வரிசையினவே. சிங்களத்திலும் வினை இறுதியிலேயே நிற்கும். எனினும் கற்போனுக்கு உறவு மெய்ப்பிக்கப்படல் வேண்டுவதில்லை. ஒப்புமை ஒன்றே போதும்.

இத்துணை உண்மையாயின், தமிழ் மாணாக்கனைத் தன் மொழியை மறந்து பிறிதொரு மொழியின் வழியே சுற்றிவரச் செய்வது காலத்தையும் பொருளையும் வீணாக்குவதாம். தேர்வுக்கென வினாவிடைகளை மட்டும் மனனஞ் செய்விப்பதிலும் தீங்குண்டு. தோட்டத்துரைமார் தமிழ் பயிலுதற்கென முன்னாளில் அச்சிடப்பட்ட கையேடுகளில் ஏவல் வாக்கியங்களே மலிந்திருந்தன. கட்டளையிடுதற்கு அவ்வளவு தமிழே போதுமாயிற்று. அதற்கு மறுதலையாக, கட்டளைக்கு இணங்குதற்கு வேண்டிய அளவே ஜப்பானியம் கற்றுச் செல்பவன், தன் சம்பளக் கணக்கைப் படிக்கவும், ஐயம் வினவவும், மறுக்க வேண்டியதை மறுக்கவும் வலியற்றவனாவான்.

மலையகத் தமிழரின் முன்னோர் கடல் கடந்து இங்கு வந்த காலத்தில், துண்டு எனப்பட்ட கடன் சீட்டு அவர்களைத் தோட்டத்தோடு பிணித்தது. 1921ஆம் ஆண்டிலேயே அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. தம்மைக் கட்டிய எழுத்தைப் படித்தறியும் வாய்ப்பு அவருட் பெரும்பாலோருக்கு இருந்ததில்லை. அவர் வழிவந்த இளைஞன் மீண்டும் கடல் கடக்கும்போது, கையொப்பமிடும் தாளைத் தானே வாசித்துப் பொருள் உணர்தல் வேண்டும். அதற்கு வேண்டியது இலக்கணத்தோடு கூடிய மொழியறிவு. அவ்வறிவின் பெரும்பகுதிக்கு அடித்தளம் அவன் பள்ளியிற் கற்ற தமிழிலக்கணத்திலே உள்ளது. அதனை எடுத்துக்காட்டித் தமிழிலே விளக்கும் நல்லாசிரியர்கள் மலையகத்துக்குப் பலர் வேண்டும். அவர்களை ஆக்கித் தருவது கற்றோர் கடன்.