முகத்தலளவையும் கன அளவும்

நெல், எண்ணெய் முதலியவற்றைக் கலத்தான் அளத்தலை முகத்தலளவை என்பர். தொல்காப்பியத் தொகைமரபு, அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது என வரையறுக்கும். அவ்விடத்து உரைகாரர் காட்டும் கலம், சாடி, பானை, அகல் என்பன கொள்கலப் பெயர்களே. கலத்தின் பெயரே அளவிற்கும் ஆயிற்று.

எனினும், ஒரே நாழியைத் தலைதட்டி அளப்பின் ஓரளவும் குவித்து அளப்பின் மற்றோரளவும் வரும். உழவன் பங்கு அளப்போன் கையைப் பொறுத்ததாகும். நீளங்கொண்டு காணும் கணக்கிற்கு இக்குறை இல்லை.

சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்க வட்டத்தின் பரப்பு வரும் என்பது காரிநாயனாரின் கணக்கதிகாரம் கூறும் விதி. அதனை உயரத்தாற் பெருக்கின் உருளையின் கன அளவாம். அதில் மூன்றிலொன்று கூம்பினதாம். இரும்புலியூர் போன்ற ஏரியுடைய ஊரின் களத்திற் கூம்பாய்க் குவித்த நெற்பொலி ஒன்றைக் கொள்வோம். விட்டம் 7 முழம், சுற்றளவு ஏறத்தாழ 22 முழம், உயரம் 3 முழம் எனின், அடிப்பரப்பு 11 × 3½ = 38½ சதுர முழம்; கன அளவு 38½ × 3 ÷ 3 = 38½ கன முழம்.

மூன்றிலொன்று என்பதனைக் கண்கூடாகக் காட்டுவதும் முகத்தலே. ஒத்த அடியும் உயரமும் உடைய கூம்புக் கலத்தால் மும்முறை முகந்து பெய்ய உருளைக்கலம் நிரம்பும். ஆதலின் இவ்விரு முறைகளும் தம்முள் மாறுபட்டன அல்ல. ஒன்றையொன்று சரிபார்ப்பன என்க.