எழுத ஆசையா? பட்டத்தை விடாதீர்கள்

எழுத ஆசைப்படும் பிள்ளைகள் குண்டடம் பகுதிக் காலனிகளிலும் உண்டு. பிளஸ் டூ முடிந்ததும் பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. ‘எழுத்து சோறு போடுமா?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எழுத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது தமிழில் கடினம்.

நம் முன்னோடிகள் பலர் சம்பள வேலை பார்த்தவர்களே. 1992-ல் ‘கருக்கு’ தந்த பாமா பள்ளி ஆசிரியை. 1989-ல் ‘பழையன கழிதலும்’ எழுதிய ப.சிவகாமி ஐ.ஏ.எஸ். அதிகாரி. 2020-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற இமையமும் பள்ளி ஆசிரியர்தான்.

எனவே, தமிழ் இலக்கியம்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. வரலாறோ வணிகவியலோ, வேலைக்கு உதவும் பட்டமாக இருக்கட்டும். திருப்பூரில் சிக்கண்ணா, எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரிகளும் உடுமலையில் அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் உள்ளன. சாதி, வருமானச் சான்றுகளை இப்போதே வாங்கி வையுங்கள்.

கம்பெனியில் நம் பெண்கள் பார்க்கும் செக்கிங் வேலையை, இரவு ஷிப்டை, உள்ளிருந்து எழுத ஆள் வேண்டும். படிக்கும்போதே தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள்.