இருதய ஒப்பரேஷனுக்குப் பின் மனம் தடுமாறினால்...

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டொக்டர் சொல்லிவிடுவார். இரண்டாம் நாள் பார்க்கப் போனால், அப்பா மகளையே அடையாளம் காணமாட்டார். கொழுந்து மடுவத்தில் நிற்பதாக நினைத்துப் பேசுவார், சேலைன் குழாயைப் பிடுங்குவார். சிலர் ஒன்றும் பேசாமல் சுருண்டு கிடப்பதும் உண்டு. லயத்திலே "பேய் பிடிச்சிருச்சு" என்ற பேச்சு கிளம்பிவிடும். இது பேயுமல்ல, பைத்தியமுமல்ல. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பார்கள். பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். ஆனாலும் உடனே கவனிக்க வேண்டும்.

தூக்க மருந்து கொடுத்து இதைத் தடுக்கலாமா?

டெக்ஸ்மெடிடோமிடின் என்று ஒரு மருந்து உண்டு. தட்டி எழுப்பினால் விழிக்கக்கூடிய இலேசான தூக்கத்தையே இது தரும். ஆகவே டெலிரியத்தைத் தடுக்கும் என்று பலர் நம்பினர். ஆனால், இருதய ஒப்பரேஷன் செய்த சுமார் 800 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2020இல் 'லான்செட்' இதழில் வந்தது. அதில் இம்மருந்தால் டெலிரியம் குறையவில்லை. இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இறங்கக்கூடும் என்பதால், இதை ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடுதான் ஏற்றுவார்கள்.

2019இல் 60 வயதைக் கடந்த 120 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், நாம் அறிந்த பெனடோலில் உள்ள பரசிட்டமோலை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அது பெற்றவர்களில் 100க்கு 10 பேருக்கும், பெறாதவர்களில் 100க்கு 28 பேருக்கும் டெலிரியம் வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் வலியை அடக்குவது முக்கியம் என்று காட்டுகிறது.

நாம் செய்யக்கூடியவை:

1. சாராயமோ கசிப்போ தினமும் குடிப்பவரானால், ஒப்பரேஷனுக்கு முன்பே டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குடி திடீரென நின்றாலும் இப்படிக் குழப்பம் வரும். அதற்கு வைத்தியம் வேறு.

2. வழக்கமாக எடுக்கும் தூக்க மாத்திரைகளையும் காட்டுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோய் நாமாகக் கொடுக்க வேண்டாம்.

3. மூக்குக் கண்ணாடி, காதுக்கருவி இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள்.

4. கண்டியானாலும் கொழும்பானாலும், தமிழ் மட்டுமே தெரிந்தவர் வார்ட்டில் தனியாகத் திகைத்துப் போவார். அம்பாறைக் கரையில் வினாயகபுரத்திலிருந்து போகிறவருக்கும் இதே கதிதான். பார்க்கும் நேரத்தில் அவருக்குப் பழக்கமான ஒருவர் போய், இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று மெதுவாகச் சொல்ல வேண்டும்.

5. பேச்சு மாறினால் உடனே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். "முன்னே இப்படி இல்லை" என்று வீட்டார்தான் சொல்ல முடியும்.

மந்திரிக்க ஆள் தேடுமுன் டொக்டரைத் தேடுவோம்.