மீனும் மாயாவும் ஒரே சேற்றில்

பெலீஸ் நாட்டில் பெர்மிட், டார்பன், போன்ஃபிஷ் ஆகிய மூன்று மீன்களையும் தூண்டில் போட்டுப் பிடிக்கலாம். கொண்டுபோய்க் குழம்பு வைக்க முடியாது. பிடித்த இடத்திலேயே உயிரோடு விட்டுவிட வேண்டும். 2009 முதல் இது சட்டம். கையில் ஒன்றும் மிஞ்சாத இந்த விளையாட்டுக்காக அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் ஆயிரக்கணக்கில் டாலர் செலவழித்து வருகிறார்கள். குடும்பமும் கூட வந்தால் அவர்களுக்கு மாயா நாகரிகத்தின் ஒரு பிரமிடு, ஓர் அருவி, குரங்குகள் கூவும் ஒரு காடு. சில நாள் மீன், மிச்ச நாள் மாயா என்று இரண்டையும் சேர்த்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

கூட்டமெல்லாம் போவது வடக்கே அம்பர்கிரிஸ் தீவுக்கு. என்னைக் கேட்டால் தெற்குக் கோடியில் இருக்கும் டொலீடோ மாவட்டம்தான். நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் பகுதி, கொசுவும் உண்டு, சுவரொட்டியில் வரும் வெள்ளை மணல் கடற்கரைக்கு இங்கே வழியில்லை. ஆனால் புன்டா கோர்டா என்ற சின்ன ஊரில் தங்கினால் காலையில் கடல், மதியம் மாயா நகரம், மாலையில் மாயா வீட்டுச் சாப்பாடு என்று ஒரே நாளில் போய்வர முடிகிறது. மழை குறைந்த பிப்ரவரி முதல் மே வரை போவது உத்தமம்.

முதலில் கடல். போர்ட் ஹோண்டுராஸ் என்ற கடல் காப்பகம் 2000இல் அறிவிக்கப்பட்டது. அலையாத்தி மண்டிய நூற்றுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள், அவற்றைச் சுற்றி முழங்காலும் இடுப்பும் நனையும் தண்ணீர். இங்கே எல்லோரும் துரத்துவது பெர்மிட்டை. நம்மூர்ப் பாறை மீனின் குடும்பம்தான். தட்டையான வெள்ளி உடம்பு, அரிவாள்போல் கறுத்த வால். நண்டு தின்னத் தலையைக் கீழே கவிழ்க்கும்போது வால் மட்டும் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து, நூலும் இறகும் சுற்றி நண்டுபோலச் செய்த பொய் இரையை அதன் மூக்குக்கு முன்னால் போட வேண்டும். ஒரு சாண் தள்ளி விழுந்தால் கண்டுகொள்ளாது, தலையில் விழுந்தால் ஓடிவிடும்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, படகின் பின்பக்கத்து மேடையில் ஏறி நின்று நீளக் கழியால் தள்ளிக்கொண்டு போவார் வழிகாட்டி. படகின் மூக்கு அவருக்குப் பன்னிரண்டு மணி. “பத்து மணி, நாற்பது அடி!” என்று அவர் சொன்னதும் முன்னால் நிற்கிறவர் அந்தத் திசையில் வீச வேண்டும். பணம் கட்டி வந்தவருக்கு அங்கே பெரும்பாலும் தண்ணீர் மட்டும்தான் தெரியும். மீனைப் பார்க்கும் கண் வழிகாட்டியுடையது. விருந்தாளி வெறும் கை. மூன்று மீனையும் ஒரே நாளில் பிடித்தால் அதற்கு ‘கிராண்ட் ஸ்லாம்’ என்று பேர். பெர்மிட்டைத் தொடாமலே ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அடுத்த வருஷமும் வருகிறவர்கள் அவர்களேதான்.

இந்த வழிகாட்டிகளில் ஒரு காலத்தில் வலை போட்டவர்களும் உண்டு. செவுள் வலையை 2020இல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். வெளிநாட்டான் விளையாடுவதற்காக எங்கள் சோற்றில் கை வைத்தார்கள் என்று வலைக்காரர்களில் ஒரு சாரார் இன்னும் குமுறுகிறார்கள். அந்த நியாயத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

கரையேறினால் நெடுஞ்சாலை ஓரத்திலேயே நிம் லி புனிட். 1976இல் எண்ணெய் தேடிக் காட்டுக்குள் போனவர்கள் கண்ணில் பட்ட நகரம். அங்கே படுத்துக் கிடக்கும் ஒரு மன்னர் நினைவுக் கல் முப்பது அடியைத் தொடும். எழுத்துப் பொறித்த பச்சைக்கல் மார்பணி ஒன்று 2015இல் கிடைத்தது. லுபாந்துன் இன்னொரு விதம்: சாந்தே இல்லாமல், செதுக்கிய சுண்ணாம்புக்கல்லைக் கல்மேல் கல்லாகப் பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். 1920களில் இங்கே கண்டெடுத்ததாகச் சொல்லிப் பரப்பிய பளிங்கு மண்டையோடு, நவீனக் கருவியால் கடைந்தது என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. சில வழிகாட்டிகள் அந்தக் கதையை இன்னும் விடுவதில்லை. கேட்டு ரசித்துவிட்டு வந்துவிடலாம்.

அருவி, மானட்டி என்ற கடற்பசு, உறுமும் குரங்கு எல்லாம் இருக்கின்றன. படத்தில் வருவதைவிடக் கூடுதலாக நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஒன்று மட்டும். மாயா மக்கள் ஏதோ மறைந்துபோன இனம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கெக்சி, மொப்பான் மொழி பேசும் கிராமங்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கின்றன. அவர்களின் நில உரிமை 2015இல் கரீபிய நீதிமன்றம்வரை போய் உறுதியானது. சோள ரொட்டி சுட்டு, கொக்கோ அரைத்து விருந்து வைக்கிற வீடுகளில் ஓர் இரவாவது தங்குங்கள்.

நான் சொல்ல வந்த இடம் வேறு. அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பெய்ன்ஸ் கிரீக் என்ற உப்பங்கழியின் அடியில், சேற்றுக்குள், மாயாக்களின் உப்பளங்கள் கிடக்கின்றன. உவர்நீரைப் பானையில் ஊற்றி அடுப்பில் சுண்டவைத்து உப்பு எடுத்த மரக் கொட்டகைகள் அவை. 2004இல் அவற்றின் மரத்தூண்கள் அகப்பட்டன. கூடவே, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு படகுத் துடுப்பும் கிடைத்தது. அங்கே எடுத்த கல் கத்திகளின் தேய்மானத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அவற்றில் நிறைய மீனையும் இறைச்சியையும் அறுத்தவை என்று 2018இல் எழுதினார்கள். உப்புப் போட்ட மீன் இங்கிருந்து உள்நாட்டு நகரங்களுக்குப் போயிருக்க வேண்டும். குவாத்தமாலாவின் டிக்காலில் ஒரு மன்னனின் கல்லறையில் கிடைத்த எலும்புச் சித்திரத்தில்கூட, மழைக் கடவுள்கள் தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கிறார்கள். ஆக, மீன் ஒரு சுற்றுலா, மாயா இன்னொரு சுற்றுலா என்று பிரித்தது நாம்தான்.

ஆயிரம் ஆண்டுகளாக மரத்தூண் மக்காமல் இருப்பது எப்படி? அலையாத்தியின் தயவு. பிச்சாவரத்தில் படகோட்டி காட்டும் சுரபுன்னையின் இனம்தான் இங்கேயும். கடல் மட்டம் ஏற ஏற, இந்த மரத்தின் வேரும் சருகும் அடுக்கடுக்காகப் படிந்து கரிச்சேறாக உயர்ந்தன. அந்தச் சேற்றுக்குள் காற்றுப் புகாததால் மரம் அழுகவில்லை. அதே வேர்களுக்கு நடுவில்தான் டார்பன் குஞ்சுகள் பெரிய மீனின் வாய்க்குத் தப்பி வளர்கின்றன. சட்டம் மீனைக் காக்கிறது, தொல்லியல் துறை பிரமிடைக் காக்கிறது, மீனையும் உப்பளத்தையும் தாங்கும் இந்த மரம்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

பெலீஸின் பவளப்பாறைத் தொடர் 2009 முதல் 2018வரை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இருந்தது. அலையாத்தித் தீவுகளை விற்றதும் வெட்டிக் கட்டடம் எழுப்பியதும் அதற்கு முக்கியக் காரணங்கள். இப்போது வெட்ட அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விடுதி வந்தால் வேலை வரும் என்பவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தீவில் மரத்தை வெட்டினால், சேற்றை மூட மணல் வேண்டும். அதைப் பக்கத்து ஆழமில்லாத கடலிலிருந்து உறிஞ்சி எடுத்துக் கொட்டுகிறார்கள். பெர்மிட் வாலைத் தூக்கி நண்டு தின்றது அந்த இடத்தில்தான்! குஞ்சு வளரும் வீடும் போச்சு, பெரிய மீன் மேயும் இடமும் போச்சு. பிறகு அதே விடுதி, தூண்டில்காரரைக் கூப்பிட்டு விளம்பரம் செய்கிறது.

மீனைத் தண்ணீரை விட்டுப் பத்து விநாடிக்கு மேல் தூக்கிப் பிடிக்காதீர்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், முள்ளின் கொக்கியை நசுக்கிவிடுங்கள் என்று எல்லாப் படகிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். தளர்ந்த மீனை விட்டால் சீலாவும் சுறாவும் காத்திருக்கின்றன. மீனின் வீட்டுக்காகவும் ஒன்று செய்யுங்கள்: அறை பதிவு செய்யும்போதே விடுதிக்காரரிடம் கரையில் முன்பு என்ன இருந்தது, மணல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சில தீவுகளில் மணல் இயற்கையானது, அதைச் சொல்லத் தயங்க மாட்டார்கள். பதில் மழுப்பலாக வந்தால் புன்டா கோர்டாவில் மீன்பிடி வழிகாட்டிகளே நடத்தும் சிறு விடுதிகளைத் தேடிப் பாருங்கள். மணல் இருக்காது. கொசுவலை கொண்டுபோக வேண்டியிருக்கும்.