அலை உண்டு, வழி இல்லை

கைத்தொலைபேசியில் அலைவலிமை காட்டும் கோடுகள் நிறைந்து நிற்கும், அழைப்போ போகாது. அலை வந்து எட்டுதல் வேறு. பேசுவதற்கு இடமிருத்தல் வேறு.

1946 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மோட்டார் வண்டித் தொலைபேசி தொடங்கியபோது, உயர்ந்த அலைபரப்பி ஒன்று நகர் முழுவதையும் தன் குடைக்கீழ்க் கொண்டது. ஆயினும் ஒரே வேளையில் பேச வல்லார் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்து டக்ளஸ் ரிங் வேறு வழி கூறினார். நிலத்தைத் தேனடைபோற் கண்ணறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலிமை குறைந்த அலைபரப்பியை நிறுத்தலாம். அண்டைக் கண்ணறைகள் வெவ்வேறு அலைவரிசைகளைக் கொள்ளும். தொலைவிலுள்ளது முன்னதையே மீண்டும் கொள்ளும். நெரிசல் மிகுந்த கண்ணறையை மேலும் பிளக்கலாம். ஆகவேதான் நகர நடுவிற் கோபுரங்கள் நெருங்கியும் வயல்வெளியில் அகன்றும் நிற்கின்றன. வலிமையைக் கூட்டுவது நெரிசலுக்கு மருந்தன்று. மண்டபத்தில் உரத்துப் பேசுபவன் அயலார் பேச்சையும் கெடுப்பான் அல்லவா?

எத்துணைப் பிளந்தாலும், எல்லோரும் ஒருங்கே அழைக்கும் நாளுக்கென எவரும் கட்டுவதில்லை; செலவு இடந்தராது. 2005 யூலை 7 இல் இலண்டனிற் குண்டுகள் வெடித்தபோது அந்நாள் வந்தது. பொதுமக்கள் கலங்குவர் என்று அஞ்சி, வலையமைப்பை மூடவேண்டாமென மீட்புத் தலைமைக் குழு முடிவு செய்திருந்தது. எனினும் நண்பகலளவில், ஓல்ட்கேட் நிலையத்தைச் சூழ்ந்த ஒரு கிலோமீற்றர் வட்டத்துள், ஒரு நிறுவனத்தின் வலையமைப்பை நகரப் பொலிசார் பொதுமக்களுக்கு மூடச் செய்தனர். முன்பே பதிவு பெற்ற கருவிகளுக்கே வழி திறந்திருந்தது. அம்புலன்ஸ் சேவையின் முக்கிய அலுவலர் சிலரிடமே அத்தகைய கருவி இல்லை. மாலை நாலே முக்கால் வரை அவ்வழி பிறருக்குத் திறக்கப்படவில்லை.